வெள்ளை வானுக்கு றோஸ் பெயின்ற்

பக்கத்து வீட்டுக் கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். காலையிலிருந்து வெள்ளவத்தையின் இந்த ஒடுங்கிய ஒழுங்கை முழுவதும் அந்த மணம். யன்னலைச் சாத்திவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எழுந்து யன்னலைத் திறந்தேன். மறுபடி சாத்தினேன். உனக்கு எழுதாமல் இன்று ஓரிடத்தில் இருக்கமுடியாது போலிருக்கிறது.

நமக்கு வான் கிடைத்த நாளில் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அதுவரை தெருவோரம் படுப்பவர்களுக்கான நம் மருத்துவக் குழு என்பது ஒரு டொக்டர், நேர்ஸாகிய நீ, உதவிக்கு வந்த நான், மருந்துப் பெட்டியை ஏற்ற ஒரு முச்சக்கர வண்டி, அவ்வளவுதான். யாரோ ஒருவர் தன் பழைய வானுக்குப் புதிதாய் வெள்ளை அடித்துத் தந்தார். வைத்தியத்துக்கு ஏற்ற நிறம் என்றார் டொக்டர். நாமும் தலையாட்டினோம். ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோக வருவது வெள்ளை வானில்தான்; ஒழுங்கையில் அப்படி ஒன்று வேகம் குறைத்தால் விளக்கை அணைத்து மூச்சை அடக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள்தாம் நாமெல்லோரும். ஆனால் உள்ளே ஏறி உட்கார்ந்தபின், வெளியில் நிற்பவனுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் விடிய, கொச்சிக்கடைப் பண்டகசாலைச் சுவரோரம் நிறுத்தினோம். டிரைவர் கதவை இழுத்த சத்தம் கேட்டதுதான், படுத்திருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். சாக்குகளும் சட்டிகளும் ஒரு சோடிச் செருப்பும் கிடந்தன. இருமிக்கொண்டே ஓடிய சவரிமுத்து ஐயாவின் முதுகு இன்னமும் எனக்குத் தெரிகிறது. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அடையாள அட்டையும் தொலைந்தபின் அந்தச் சுவரோரம் ஒதுங்கியவர். காசநோய். ஆறு மாதம் நாள் தவறாமல், நம் கண்முன்னால் குளிசை விழுங்கவேண்டும். இடையில் விட்டால் பிறகு அந்த மருந்து கேளாமல் போகலாம்; பக்கத்தில் படுப்பவர்களுக்கும் நோய் தொற்றும்.

நீ இறங்கி, வெறுங்கைகளை விரித்துக் காட்டியபடி வீதி நடுவே நடந்தாய். உன் பெயரை உரத்துச் சொன்னாய். "நான்தான் ஐயா, கொட்டாஞ்சேனைப் பிள்ளை! ஓடாதேங்கோ!"

அந்தோனியார் கோயில் பக்கத்துச் சந்துக்குள்ளிருந்து ஐயா தலையை நீட்டினார்.

"வெள்ளை வானிலை வந்து மருந்தெண்டு சொன்னால் ஆர் பிள்ளை நம்புவினம்?"

"நானெண்டாலும் ஓடியிருப்பன். ஆனா உங்களைப்போலச் செருப்பை விட்டிட்டு ஓடியிருக்கமாட்டன்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகியது. இருமல் அடங்கியதும் குளிசைக்குக் கையை நீட்டினார்.

அன்று பின்னேரமே, லொறிகளுக்குப் பெயின்ற் அடிக்கும் இடத்தில் மிஞ்சிக்கிடந்த ஒரு ரின்னைத் தூக்கிவந்தாய். றோஸ். "பிஸ்ஸுத நங்கி?" உனக்குப் பைத்தியமா, தங்கச்சி என்று டிரைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஓம் அய்யே. இந்த நிறத்திலை வந்து ஆளைத் தூக்க ஒருத்தனும் வெக்கப்படுவான்" என்றாய், பாதி சிங்களத்தில். பிறகு அவரே தூரிகையை எடுத்தார். டொக்டர் பார்த்துவிட்டு, "ஆருக்குக் கலியாணம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நாட்களில் நான் பஸ்ஸில் தமிழ் கதைப்பதில்லை. சோதனைச் சாவடியில் பெயர் கேட்டால் அடையாள அட்டையை மட்டும் நீட்டுவேன். நீயோ மூலைக்கு மூலை இறங்கி உன் பெயரைக் கூவினாய். "முதல் பேரைச் சொல்லு, பிறகு மருந்தைக் குடு. பேர் தெரியாத ஆளிட்டை நீ ஏதும் வாங்கிக் குடிப்பியோ?" என்று என்னை இடிப்பாய். நான் சிரித்து நழுவிவிடுவேன்.

மழைக்காலத்தில் உனக்கு டெங்கு. ஒரு கிழமைக்குள் நீ இல்லை. ஐயாவின் குளிசைகள் முடியவில்லை.

உன் அடக்கம் முடிந்த மறுநாள் டிரைவரோடு போனேன். ஐயா கை நீட்டவில்லை.

"மற்றப் பிள்ளை எங்கை?"

"காய்ச்சலிலை மோசம் போயிட்டா, ஐயா."

"பொய். பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். நீங்கள் சொல்லப் பயப்பிடுறியள்."

"உண்மையா டெங்குதான்."

"என்ரை மோனைப் பிடிச்சுக்கொண்டு போனபோதும் முதல் காய்ச்சலெண்டுதான் சொன்னவை. அவ வந்து தரட்டும், குடிக்கிறன்."

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். வீட்டில் நிற்கமுடியாமல் கடற்கரைத் தண்டவாளம் வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். உனக்காக அழவும் முடியவில்லை. உன்மேல் கோபம்தான் வந்தது. அவர் நம்பிய ஒரே ஆளை எங்கே கொண்டுபோய் வைத்தாய்?

கடைசியில் கேட்டேன்: "சேமக்காலைக்கு வாறீங்களோ, ஐயா? அடக்கின இடத்தைக் காட்டுறன்."

அவர் வானை நெடுநேரம் பார்த்தார். அதற்குள் ஒருநாளும் ஏறாதவர். "கதவைச் சாத்தாதேங்கோ" என்றார். மாதம்பிட்டிச் சேமக்காலை வரை வான் கதவு திறந்தபடியே ஓடியது. வழியில் சாவடி. ஐயாவிடம் அட்டை இல்லை. "லெடெக்" என்றார் டிரைவர், நோயாளி என்று. ஐயா தன் பங்குக்குப் பலமாக இருமினார். சிப்பாய் பின்வாங்கி, வானின் நிறத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் பெயரைக் கேட்டான். சொன்னேன். முழுப் பெயரையும், உரத்து. போகச்சொல்லிக் கை காட்டினான்.

உன் மண்மேட்டில் சிலுவையின் புதுச் சாயம் இன்னும் மணத்தது. ஐயா உன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். குந்தியிருந்து மண்ணில் கையை வைத்தார்.

"மெய்தான். என்ரை மோனுக்கு இப்பிடி ஒரு இடம் இல்லைப் பிள்ளை."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமிக்காரனுக்குப் பேர் சொன்னியள். இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை."

சொன்னேன். அவர் அதை ஒருமுறை சொல்லிப்பார்த்தார். அதன் பிறகுதான் உள்ளங்கையை விரித்தார். உன் பக்கத்தில் குந்தியிருந்தபடியே விழுங்கினார்.

விட்ட நாட்களையும் சேர்த்து முடித்தார். சளியில் கிருமி இல்லை என்று வந்தது. இப்போதும் அந்தச் சுவரோரம்தான் படுக்கிறார்.

எழுதிக்கொண்டிருக்கையில் ஒழுங்கையில் ஏதோ வாகனம் வேகம் குறைத்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். பெயின்ற் ரின் இறக்குகிறார்கள். நெஞ்சு இன்னும் அடங்கவில்லை. அது அடங்குமென்று நான் காத்திருப்பதுமில்லை. ஜிந்துப்பிட்டிப் பக்கம் புதிதாய் இருமுகிற ஒருவர் இருக்கிறாராம். நாளை விடிய வானை மூலையில் நிறுத்தச்சொல்லி இறங்குவேன். வெறுங்கைகளை விரித்து நடப்பேன். என் பெயரைக் கூவுவேன்.