கையில் தங்கிவிட்ட சமாதானம்

என் அன்பு பாக்கியம் மதினிக்கு,

மதினி என்று உங்களைக் கூப்பிட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே கூரைக்குக் கீழே இருந்தபோது வாயில் வராத சொல், நீங்கள் போன பிறகு பேனாவில் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். என்னை நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. நேற்று தண்ணீர் வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, அதுவும் மத்தியானத்தில். நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் வாசல் சிமெண்டுத் தொட்டியில் செம்பால் மூன்று தட்டுத் தட்டியிருப்பீர்கள். நான் முதலில் பார்த்தால் நான் தட்டுவேன். தண்ணீர் வந்தால் அப்படித் தட்டுவது வெகு காலமாக இந்த வீட்டு வழக்கம். இத்தனை வருஷமும் நமக்குள் இருந்த பேச்சு அந்த மூன்று தட்டு மட்டும்தான். நான் வெளியே வந்தபோது குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அரைக் குடம்கூடச் சேரவில்லை. தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். தண்ணீருக்காக அழவில்லை.

இந்தக் கடிதத்தை எனக்குப் பிறகு யாராவது எடுத்துப் படிக்கலாம், அதனால் நாம் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் எஸ்தர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் முப்பத்துநான்கு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் என் அண்ணன் தாசுவின் மனைவி. அண்ணன் இருந்தவரை எல்லாரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். அண்ணன் போன மூன்றாம் நாள் நான் பின்னறையில் எனக்கென்று தனி அடுப்பு வைத்துக்கொண்டேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். அண்ணன் போன அன்று எனக்குப் பகல் டூட்டி. காலை எட்டு மணிக்கே அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. பத்தரைக்கு உயிர் போய்விட்டது. எனக்குப் போன் வந்தது பதினொரு மணிக்கு, அதுவும் பக்கத்து வீட்டிலிருந்து. நான் ஊரில்தான் இருந்தேன். போன் என் கைப்பையில்தான் இருந்தது. ஊரார் உயிரெல்லாம் போகும்போது பக்கத்தில் நின்றவள் நான், என் அண்ணன் முகத்தை மட்டும் உயிரோடு பார்க்கவில்லை. "ஏன் என்னக் கூப்புடல?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். நீங்கள் அழுதுகொண்டே இருந்தீர்கள். அதன்பிறகு நான் கேட்கவே இல்லை. வேண்டுமென்றேதான் கூப்பிடவில்லை என்று பதிலை நானே எழுதிக்கொண்டேன்.

சபையில் எனக்கு என்ன பெயர் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். விடியுமுன் எழுந்து ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம், வருஷத்துக்கு ஒருமுறை வேதத்தை முழுவதும் வாசித்து முடித்துக் கடைசி அட்டையில் தேதி எழுதுவது. பரிசுத்தத்தில் வளர்வது பற்றி ஏதாவது பேச வேண்டும் என்றால் பெண்கள் கூட்டத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீங்களோ பிரசங்கத்தின் இரண்டாவது குறிப்பு வருவதற்குள் தூங்கிவிடுவீர்கள். நான் முழங்காலில் இருக்கும் நேரம் பார்த்து டிவி சீரியல் அலறும். "ஆண்டவரே, அவங்களுக்கு உணர்வு குடும்" என்று உங்களுக்காகத் தினமும் ஜெபித்தேன். இதைச் சொன்னால் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கு வேண்டியதுதான்.

திருவிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பமும் திராட்சரசமும் எடுப்பதற்கு முன்னால் ஆயர் சமாதானம் கூறுவார். அது பெஞ்சு பெஞ்சாக, கையிலிருந்து கைக்கு வரும். பக்கத்தில் இருப்பவர் கைகளை நம் இரண்டு கைகளுக்குள் வைத்து, "சமாதானம்" என்று சொல்லி அவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். மனத்தாங்கல் உள்ளவர்கள் அதைத் தீர்த்துக்கொண்டுதான் முழங்காலிட வேண்டும் என்பதற்காக வந்த வழக்கம். நானா விடுவேன்? அதிலும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜன்னலோரம் நீங்கள், அடுத்து கிரேஸ் டீச்சர், அடுத்து நான். நான் டீச்சருக்குக் கொடுப்பேன், டீச்சர் உங்களுக்குக் கொடுப்பார். பதினோரு வருஷம் ஒரு கணக்கு டீச்சர் வழியாக நாம் சமாதானமாக இருந்தோம்.

ஒரே ஒரு ஞாயிறு டீச்சர் காய்ச்சலில் வரவில்லை. நமக்கு நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து சமாதானம் என் கைக்கு வந்துவிட்டது. நீங்கள் கொஞ்சம் நகர்ந்து வந்து இரண்டு கைகளையும் நீட்டினீர்கள். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து நம்பர் தேட ஆரம்பித்தேன். நம்பர் முன்னால் பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. நீங்கள் நீட்டிய கைகளைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன். பிறகு எழுந்துபோய் முழங்காலிட்டு அப்பத்தை வாங்கினேன். எப்படி மதினி என்னால் முடிந்தது?

போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு உங்கள் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. உங்கள் மகள் பியூலா கீரனூரிலிருந்து ஓடி வந்தாள், அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக. "நா பொறந்த வீட்டுக்கும் போகல, மக வீட்டுக்கும் வரல. அவரு இருந்த வீட்டுலயே இருந்துக்கிறேன்" என்றீர்கள். "நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னது நான்தான். பியூலா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. உப்பில்லாத கஞ்சி, அளந்த தண்ணீர், நேரத்துக்கு மாத்திரை, முதுகுக்கு மூன்று தலையணை. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. ஆனால் "வாயத் தெறங்க", "இப்படித் திரும்புங்க", இவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் நான் உங்கள் கால் துடைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் கூரையைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"நர்ஸம்மா, நீங்க நல்லாத்தான் பாக்குறீங்க. என் நாத்தனா எஸ்தர எங்க காணோம்? அவள செத்த நேரம் வரச் சொல்லுங்க."

நான் தண்ணீரை ஊற்றிவிட்டு வருகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். கொல்லைப்புறத்தில் வெகுநேரம் நின்றேன். உள்ளே வந்தபோது நர்ஸாகத்தான் வந்தேன்.

அதற்குப் பிறகும் ஒருமுறை நீங்கள் முயன்றீர்கள். "எஸ்தரு, அன்னைக்குக் காலையில உங்கண்ணன்..." என்று ஆரம்பித்தீர்கள். "பேசாதீங்க. மூச்சு வாங்கும்" என்றேன். மருத்துவப்படி அது சரிதான். உங்களுக்கு உண்மையிலேயே மூச்சு வாங்கியது. ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. பதினோரு வருஷமாக நான் எழுதி வைத்திருந்த பதிலை நீங்கள் அழித்துவிடுவீர்களோ என்று பயந்தேன். நீங்கள் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நாலு நாள் கழித்துச் சாயங்காலம் போய்விட்டீர்கள்.

அப்போது என் விரல் உங்கள் நாடியில் இருந்தது. நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பீர்களா? அப்படி நினைத்திருந்தால் எனக்கு ஆறுதல். நான் நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்ததும் பியூலா என்னிடம் வந்தாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. "ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்க அத்தை. நன்றிங்க" என்றாள். கீரனூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு அவள் பேச்சில் 'ங்க' ஏறிவிட்டது எனக்குத் தெரியும், ஆனால் அன்று அது பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோல் இருந்தது. கார் ஏறும்போது திரும்பி, "அம்மா உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னு இருந்தாங்க. நீங்க கேக்கலைன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாங்க" என்றாள். அதற்குப்பிறகு நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

போன மாதம் பெண்கள் கூட்டத்தில் மறுபடியும் என்னைப் பேசச் சொன்னார்கள். பரிசுத்தத்தில் வளர்தல், அதே தலைப்பு. எட்டுப் பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். எழுந்து நின்றேன். நீங்கள் உட்காரும் ஜன்னலோரம் பார்த்தேன். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நா ஒரு நர்ஸு, எனக்குப் புண்ணப் பத்தித்தான் பேசத் தெரியும்" என்றேன். ஆழமான புண் அடியிலிருந்து ஆறி மேலே வர வேண்டும். மேல்தோல் அவசரமாக மூடிக்கொண்டால் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே சீழ் பிடிக்கும். அதைத் திறந்துவிட்டுத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், வலிக்கத்தான் செய்யும். எத்தனையோ பேருக்கு இதைச் செய்திருக்கிறேன், என் புண்ணின்மேல் ஜெபத்தையும் உபவாசத்தையும் வைத்துத் தோலை மூடிக்கொண்டேன் என்று சொன்னேன். பாட்டுப் புத்தகத்தில் நம்பர் தேடியதையும், "பேசாதீங்க" என்று உங்கள் வாயை அடைத்ததையும் சொன்னேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. ஆண்டவர் என்னைப் பரிசுத்தமாக்க வேலை செய்தது நான் ஜெபித்த அறையில் இல்லை, மதினி. நீங்கள் படுத்திருந்த அறையில். அங்கேதான் நான் அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது கிரேஸ் டீச்சர் என் முழங்கையைப் பிடித்தார்.

"எனக்குத் தெரியும்டி. உன் கையி சில்லுன்னு இருக்கும், பாக்கியத்துக் கையி சூடா இருக்கும். நடுவுல உக்காந்திருந்தவளுக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?"

"சொன்னா நீ கேட்டிருப்பியாக்கும்! நீதான் அம்புட்டுப் பேருக்கும் பாடம் எடுக்கிறவளாச்சே." பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே நா நடுவுல உக்கார மாட்டேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். இந்த மாதத் திருவிருந்து ஞாயிறு டீச்சர் எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என்னை உள்ளே தள்ளிவிட்டார். எனக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம், உங்கள் இடம். சமாதானம் பெஞ்சு பெஞ்சாக வந்தது. டீச்சர் என் கைகளைப் பிடித்து, "சமாதானம்டி எஸ்தரு" என்றார். நான் திரும்பினேன். பெஞ்சில் வெயில் விழுந்திருந்தது, வேறொன்றும் இல்லை. சேர்த்துப் பிடித்த கைகளோடு அப்படியே நின்றேன். கொடுப்பதற்கு ஆள் இல்லை, மதினி. எல்லாரும் முழங்காலிடப் போனார்கள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக நான் போகவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. அன்று காலை அண்ணன் என்ன சொன்னார்? பயந்துவிடுவேன் என்று என்னைக் கூப்பிட வேண்டாம் என்றாரா? இல்லை, உங்களுக்கே கை கால் ஓடவில்லையா? இல்லை, அந்தக் கடைசி நேரத்தில் அவர் உங்களுக்கு மட்டும் வேண்டும் என்று நினைத்தீர்களா? அப்படியே இருந்தாலும் என்ன? பெண்டாட்டிக்கு அது கூடாதா? இதை யோசிக்க எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பதில் இப்போது பியூலாவிடம்தான் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை பழனி பஸ் ஏறுகிறேன், அங்கிருந்து கீரனூர். உபவாசத்தை அன்று விட்டுவிடுகிறேன், அவள் சாப்பிடச் சொன்னால் சாப்பிட வேண்டுமே. உங்களுக்குப் பிடித்த சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கி வைத்திருக்கிறேன். அவள் திட்டினால் கேட்டுக்கொள்வேன். நீங்கள் சொல்ல வந்ததை அவள் சொன்னால், அது எனக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும், குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவளுக்கு மூச்சு வாங்கும்வரை பேசட்டும். இது உங்கள் மேல் சத்தியம் இல்லை, சத்தியம் செய்யக்கூடாது என்று நானே பாடம் எடுத்திருக்கிறேன். வாக்குக் கொடுக்கிறேன்.

போன் எடுக்காதவள் கதவைத் திறப்பாளா என்று தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். கதவில் மூன்று தட்டுத் தட்டுவேன். உங்கள் மகள், இந்த வீட்டில் வளர்ந்தவள். எதற்காகத் தட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நர்ஸம்மா இல்லை, மதினி. நீங்கள் வரச் சொன்ன,
உங்கள் நாத்தனா எஸ்தர்