உன் பக்கத்தில் ஒருத்திக்கு இடம்

என்னைப் பெற்ற தங்கமே, அம்மா,

நீ போன பிறகு உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்கத்தான் எழுதுகிறேன். கையெழுத்துப் போடவே தெரியாதவளுக்குக் கடிதமா என்று சிரிக்காதே. வேறு யாரிடம் போய் நான் அழ?

நமக்கு வீடு கட்ட இடம் கிடைத்தது, அம்மா. இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நம் காம்பராச் சுவர் வெடித்துப்போய், மழை வந்தால் உட்கார்ந்தே தூங்குகிறோம். பள்ளத்தில் அந்தப் பணிய லயம் இடிந்து கிடக்கிறதே, அதற்குக் கீழே ஒரு துண்டு நிலம் தந்தார்கள். அத்திவாரம் வெட்டப் பெக்கோ மெசின் வந்தது. கொஞ்சம்தான் மண் அள்ளியது, மண்டையோடு ஒன்று உருண்டு வந்தது. பொலிஸ் வந்து வேலையை நிறுத்திவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்து, துணி விரித்து எலும்புகளை அடுக்கினார். தேத்தண்ணி கொண்டுபோன நான் நகராமல் நின்றேன். "வெள்ளக்காரன் காலத்துப் பொம்பள. இருபது வயசு இருக்கும்" என்றார். பல்லில் குறுக்கே கோடு கோடாகப் பள்ளம். சின்ன வயதில் பட்டினி கிடந்ததால் வந்ததாம். கழுத்தெலும்போ கிழவியினுடையதைப் போலத் தேய்ந்திருந்தது. "தலையில பாரம் சுமந்தவளா இருக்கணும்" என்றார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. கூடையை இறக்கிய பிறகும் தலையை நிமிர்த்த முடியாமல், "கழுத்தப் புடிச்சு விடுடி" என்பாயே.

பிறகு இடுப்புக்கூட்டைக் காட்டினார். அதற்குள் பொடிப்பொடியாய் இன்னொரு எலும்புக்கூடு. பிள்ளை வெளியே வராமலே இரண்டு பேரும் செத்திருக்கிறார்கள். ஐயோ அம்மா, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பங்களாத் தோட்டத்தில் ஒரு துரையின் நாய்க்குப் பெயர் வெட்டிய கல் இன்னும் நிற்கிறது. இவளுக்குத் தலைமாட்டில் ஒரு செங்கல்கூட இல்லை.

சொந்தக்காரர்கள் வந்து கேட்டால் எலும்பைத் தருவோம், இல்லாவிட்டால் எங்காவது புதைத்துவிடுவோம் என்று பொலிஸில் சொன்னார்கள். தோட்டத்து ஆட்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பாவம், எப்படிச் செத்தாளோ என்றா பேசினார்கள்? "அது பணிய லயத்து ஆளுங்களப் பொதைச்ச எடம். நம்ம ஆளுங்க இல்ல" என்றார் கோயில் தலைவர். துரையும் கங்காணியும் சாதி பார்த்து லயம் பிரித்தார்கள், புதைக்கிற இடத்தையும் பிரித்தார்கள். துரை போய் எவ்வளவு காலமாயிற்று! பணிய லயத்துச் சனமும் பிழைப்புத் தேடிக் கொழும்புப் பக்கம் போய்விட்டது. கேட்க நாதியில்லை.

"நான் போய்க் கேக்குறேன்" என்றேன். உன் மருமகன் குதித்தார்.

"ஒனக்கென்ன பைத்தியமா? அவங்க நமக்குச் சொந்தம்னு சொன்னா நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ள வருமா? எலும்ப அள்ளிட்டுப் போகட்டும். நாம கொங்கிறீட்டப் போடுவோம்."

"புள்ளத்தாச்சிங்க அவ. அத யாருமே பாக்க மாட்டீங்களா?"

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. குழி வெட்டுகிறவரும் முடியாது என்றுவிட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்துகிறார்கள், அம்மா.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. பணிய லயத்துச் செல்லம்மா அக்கா உன் பக்கத்து நிரையில்தானே கொழுந்து எடுத்தாள்? நம் காம்பராவுக்கு வந்தால் நீ அவளை வெளியே நிறுத்திச் சிரட்டையில்தானே தேத்தண்ணி ஊற்றினாய்? உன் கழுத்து தேய்ந்த மாதிரித்தான் அவள் கழுத்தும் தேய்ந்தது. அது உனக்குத் தெரியாமலா போயிற்று? நீ கெட்டவள் இல்லை. அப்புறம் ஏன், அம்மா?

நாளைக்குப் பொலிசுக்குப் போகிறேன். என்ன உறவு என்று கேட்டால், "எங்க அம்மா வழி" என்று சொல்லப் போகிறேன். பொய்தான். உன் பெயரையும் சேர்த்துத்தான் இழுக்கிறேன்.

நம் ஆட்களின் புதைகாட்டில் உனக்கும் வேலிக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் இருக்கிறது. எனக்கென்று வைத்திருந்த இடம். அதை அவளுக்குக் கொடுக்கிறேன். ஆள் வராவிட்டால் நானே மண்வெட்டி எடுப்பேன். தலைவர் எங்களைத் தள்ளிவைப்பார், வீடும் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அவர்கள் இரண்டு பேரையும் அங்கே கிடத்தாமல் நான் ஓயமாட்டேன்.

நீ மட்டும் கொஞ்சம் ஒதுங்கிப் படுத்துக்கொள், அம்மா. பிள்ளைத்தாச்சிக்கு இடம் கூடுதலாக வேண்டும்.

உன் வயிற்றில் பிறந்த மூத்தவள்,
ராசாத்தி