இறந்த பிறகு நீங்கள் போட்ட கையெழுத்து

என் பிரியமுள்ள தனசேகர் அண்ணா,

நீங்கள் போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அழுதுகொண்டு எழுதவில்லை, பற்றிக்கொண்டு வருகிற கோபத்தில் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும், எனக்கொன்றும் வெட்கமில்லை.

நம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிதி அலுவலகத்தில் நீங்கள் இயக்குநர், நான் துணை இயக்குநர். ஒன்பது வருஷம் எதிரெதிர் மேஜை. பேராசிரியர்கள் எழுதிவரும் திட்டங்களைச் சீர்செய்து, நிதி தரும் இடங்களுக்கு அனுப்புவதுதான் நம் வேலை. திட்டம் யாரைப் பற்றியதோ, அவர்கள் வாசலுக்கே போய்த் தமிழில் படித்துக் காட்டுவீர்கள். அவர்கள் சரி என்ற பிறகுதான் கையெழுத்து. இயக்குநருக்கு வேறு வேலை இல்லையா என்று மேலே இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

கடைசியாக நாம் போனது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய காலனிக்கு. இரும்பு உருக்கும் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரலைப் பரிசோதிக்கும் திட்டம். குழாயடியில் நின்றுகொண்டே படித்தீர்கள். உலைப் பக்கம் வேலை செய்கிற ஏழுமலை இருமிக்கொண்டே குறுக்கிட்டார்.

"சார், இன்னா வேணா ஊதச் சொல்லு, ஊதுறோம். ரிசல்ட்ட மட்டும் கம்பெனிக்காரன் கையில குட்த்துடாத. நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவான். புள்ளைங்கள வச்சிக்கினு எங்க போறது?"

நீங்கள் அங்கேயே, வண்டி சீட்டில் தாளை வைத்து, பேனாவால் ஒரு வரி சேர்த்தீர்கள்: பரிசோதனை முடிவு தொழிலாளியின் கையில் மட்டும். அந்த வரியை நம்பித்தான் காலனியே பெயர் கொடுத்தது.

அப்புறம் என்ன செய்தீர்கள்? திருவள்ளூர் ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். பிரஷர் மாத்திரையை ஒருநாளாவது ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்களா? அந்தக் கோபமும் எனக்கு இருக்கிறது.

இனி இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். உங்கள் நாற்காலிக்கு வந்த புது இயக்குநர், நீங்கள் போன மூன்றாம் நாளே எனக்குப் போன் செய்தார். நான் அப்போது பொதட்டூர்பேட்டையில், உங்கள் வீட்டில், அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒன்னும் இல்ல மேடம், போர்ட்டல்ல ஒரு பழைய ஃபைல் எடுக்கணும். சாரோட டிஜிட்டல் கையெழுத்து பென் டிரைவ் டிராயர்லயே இருக்குது. பாஸ்வேர்டு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். அண்ணா, நான்தான் சொன்னேன். எந்த ஃபைல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எட்டு நாள் கழித்து அந்த நுரையீரல் திட்டம் உங்கள் கையெழுத்தோடு போய்விட்டது. கடைசித் தேதி நெருங்கிவிட்டது, புதியவர் பெயரில் பென் டிரைவ் வர நாளாகும் என்று காரணம் சொன்னார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அனுப்பிய பிரதியை எடுத்துப் படித்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. நீங்கள் சேர்த்த வரியைக் காணோம். அந்த இடத்தில், முடிவுகள் முதலில் ஆலை நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்படும் என்று இருக்கிறது. அதற்குக் கீழே உங்கள் பெயர். ஏழுமலையின் வயிற்றில் அடிக்கிற தாளில் உங்கள் பெயர்!

அறைக்குள் போய்க் கேட்டேன். "எமோஷனல் ஆவாதீங்க மேடம். ஆலைக்காரங்களும் கூட இருந்தா நிதி சீக்கிரம் வரும். சார் பேர்ல போறது அவருக்கும் ஒரு மரியாதைதானே?" என்றார். மரியாதையாம்! உங்கள் படத்துக்கு மாலை போட்ட கையாலேயே உங்கள் கையெழுத்தைத் திருடியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உங்களையும் கேட்கிறேன். பாஸ்வேர்டை எதற்கு என்னிடம் கொடுத்து வைத்தீர்கள்? அவ்வளவு சுலபமாகவா ஒருத்தியை நம்புவது?

அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. பீரோவைத் திறந்து உங்கள் இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினார். "எடுத்துக்கினு போ ஸ்டெல்லா. அவுரு பேர்ல பொய் இருக்கக் கூடாது" என்றார். அதை இணைத்து நிதி தரும் அமைப்புக்கு எழுதினேன்: கையெழுத்துப் போடப்பட்ட நாளில் இவர் உயிரோடு இல்லை, பாஸ்வேர்டைக் கொடுத்தவள் நான். திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அலுவலக ரகசியத்தை வெளியில் சொன்னதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போனேன். ஏழுமலை முழுவதையும் கேட்டார். "நீயாம்மா குட்த்த?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

திட்டத்தை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த அலுவலகத்தில் எனக்கு மேஜை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனுப்புவேன். ஒரு சத்தியம் செய்கிறேன் அண்ணா. அதில் எங்கேயும் உங்கள் பெயர் இருக்காது. நினைவாக என்றோ, சமர்ப்பணம் என்றோகூட யாரையும் போட விட மாட்டேன். மாட்டேன் என்று சொல்ல வாய் இல்லாதவரின் பெயரை எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் செத்துப் போனவராகவே நிம்மதியாக இருங்கள். தப்புச் செய்தவள் உயிரோடுதான் இருக்கிறேன். கையெழுத்தை நான் போடுகிறேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
ஸ்டெல்லா
சோழவரம்