அவர் எடுத்த டூலிப்

மார்ச் 2

காலையிலிருந்து பாஸ்போர்ட் படங்கள்தான். வேலைக்கு விண்ணப்பிக்கிற ஒரு பெண் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டுடியோவுக்குப் பின்னால் உள் அறையில் என் வீட்டுக்காரர் மல்லாந்து கிடக்கிறார். டிஸ்க் விலகிவிட்டது. உட்காரக் கூடாது, குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, படுக்கலாம், மெதுவாக நடக்கலாம். வருடக்கணக்காக அலுவலக நாற்காலியில் கணக்கெழுதித் தேய்ந்த முதுகு.

"கூரைய எவ்வளவு நேரம் பாக்கறது? அதுல இருக்கற விரிசலுக்கெல்லாம் பேரு வெச்சாச்சு" என்றார்.

தொல்லை தாங்காமல் அலமாரியில் கிடந்த என் பழைய கேமராவைக் கொடுத்தேன். அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது மாதிரி.

மார்ச் 6

பூங்காவில் டூலிப் பூத்துவிட்டது. இந்த மாதமே மலர்க் கண்காட்சி. அதில் படங்களுக்கென்று ஒரு கூடம். ஆளுக்கு ஒரு படம். நான் வருடாவருடம் வைக்கிறேன், வருடாவருடம் ஆறுதல் பரிசு. யாருக்கு ஆறுதல் என்றுதான் தெரியவில்லை.

அவரும் வந்தார். வந்தவர் பாத்தி ஓரத்தில் விரிப்பைப் போட்டு அப்படியே படுத்துவிட்டார். வாசலிலேயே "நடக்க முடியலன்னா திரும்பிடலாம்" என்றேன். கேட்டால்தானே. நடைபயிற்சிக்கு வந்தவர்களெல்லாம் மயக்கம் போட்டு விழுந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடியே வந்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று. கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரைத் தெரியாதவள் மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

நான் எடுத்தது: மஞ்சள் டூலிப், பக்கவாட்டில், பின்னால் வெள்ளை அட்டை. சுத்தமான படம்.

மார்ச் 7

அவர் கேமராவைக் கணினியில் சொருகிப் பார்த்தேன். முக்கால்வாசி குப்பை. அவர் கட்டைவிரல், வெறும் வானம், மங்கலாக ஒரு பச்சை. சொல்லிச் சிரிக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். அப்போது அது வந்தது.

சிவப்பு டூலிப்கள், அடியிலிருந்து. தண்டுகள் விளக்குக் கம்பங்கள் மாதிரி உயர்ந்து போகின்றன. உச்சியில் இதழுக்குள் வெயில் புகுந்து, உள்ளே யாரோ விளக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பூக்களெல்லாம் சேர்ந்து எங்கேயோ கிளம்பிவிட்ட மாதிரி. இடது ஓரத்தில், இரண்டு தண்டுகளுக்கு நடுவே, தூரத்தில், எறும்பளவு ஓர் ஆள் நடந்து போகிறது. பூக்களுக்குக் கீழே குடியிருக்கிற ஆள்.

வெளிச்சம் தப்பு. ஃபோகஸ் இதழில் இல்லை, தண்டில் நிற்கிறது. இத்தனை தப்பும் சேர்ந்து எப்படி இது—

அவரிடம் "பரவாயில்ல" என்று மட்டும் சொன்னேன்.

"நெஜமாவா?" என்றார். முகமெல்லாம் பல்.

மார்ச் 8

வெளியூரில் படிக்கிற மகள் போன் செய்தாள். "அம்மா, அப்பா அனுப்பின படம் பாத்தியா? பயங்கரமா இருக்கு! நான் போன்ல வால்பேப்பரா வெச்சுட்டேன்."

அவள் பிறந்த நாளிலிருந்து படம் எடுக்கிறேன். என் படம் ஒன்றுகூட அவள் போனில் ஏறியதில்லை. இதைச் சொல்லிக் காட்டலாமா? சொன்னால் எவ்வளவு அசிங்கம்.

மார்ச் 9

வயிறு எரிகிறது. எழுதினால் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

மார்ச் 12

பூங்கா மேலாளர் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். கணினித் திரையில் அந்த டூலிப் திறந்தே கிடந்தது. (ஏன் திறந்து வைத்திருந்தேன்? தினமும்தான் திறக்கிறேன். எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேட.)

மனிதர் சட்டைக் காலரைச் சரிசெய்வதை விட்டுவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இது நம்ம பூங்காவா? தினம் ஏழெட்டு தடவ அந்தப் பக்கம் போறேன், எனக்கு இப்படி ஒரு நாளும் தெரிஞ்சதில்லயே. நீங்க எடுத்ததா?"

ஒரு கணம், ஆமாம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அந்த ஒரு கணத்தை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

"எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

"கண்காட்சிக்கு அவசியம் வைக்கச் சொல்லுங்க. கூடத்துல நடு இடம் அவருக்குத்தான்."

என் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எத்தனை வருடமாக அந்தக் கூடத்தின் சுவரில் தொங்குகிறேன்!

மார்ச் 14

கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பூங்காவுக்குப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையாகப் பார்த்துப் படுத்தேன். இரவு பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தது. முதுகெல்லாம் ஈரம். காதுக்குள் எறும்பு. கீழே இருந்து, மேலே இருந்து, இலை இடுக்கிலிருந்து, கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்குள் தெரிந்த பூவைக்கூட எடுத்தேன். கையில் இருந்த லென்ஸ் அத்தனையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

வீட்டில் போட்டுப் பார்த்தால் எல்லாம் நேர்த்தியாக, நடுவில், நேராக நிற்கின்றன. படுத்தாலும் எனக்கு நிமிர்ந்த படம்தான் வருகிறது.

"சட்டை முதுகுல என்ன சேறு?" என்று கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்றேன். உடனே, அந்த முதுகோடு எழுந்து வந்து எனக்குத் தைலம் தேடினார். போங்கய்யா.

மார்ச் 18

கண்காட்சிப் படங்களுக்கு இன்று பிரிண்ட் போட்டேன். முதலில் என்னுடையது. பிறகு அவருடையது.

சாய்வை நிமிர்த்தினேன். சாய்ந்த படத்தை நிமிர்த்துவது என் தொழில், யாரும் குறை சொல்ல முடியாது. நிமிர்த்தினால் ஓரம் போகும். போகட்டும். இடது பக்கம் இன்னும் கொஞ்சம் உள்ளே வெட்டினேன். அந்த எறும்பளவு ஆள் போயிற்று. அது கவனத்தைச் சிதறடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன், ஆளில்லாத அறையில்.

பிரிண்ட் வெளியே வந்தது. சாதாரணமான ஒரு சிவப்பு டூலிப். நாட்காட்டிகளில் ஆயிரம் பார்த்திருக்கிறோமே, அந்த மாதிரி.

அவர் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று மெஷினை அணைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். "நல்லா பளிச்னு வந்திருக்கு" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 22

எனக்கு இரண்டாம் பரிசு.

அவருடையது நடு இடத்தில்தான் இருந்தது. ஒருவரும் நிற்கவில்லை. மேலாளர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உங்க கடையில பாத்தப்ப வேற மாதிரி இருந்துச்சே..." என்று என்னிடம் இழுத்தார். திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும் என்றேன்.

என் பெயரைக் கூப்பிட்டபோது கூடத்திலேயே பெரிய கைதட்டல் அவருடையது. முதுகுப் பட்டையோடு எழுந்து நின்று தட்டினார். பக்கத்திலிருந்தவரிடம் "என் மனைவிதான், என் மனைவிதான்" என்று இரண்டு தடவை சொன்னது மேடைவரை கேட்டது.

கோப்பை கனமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சமையலறையில் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்தேன்.

மார்ச் 23

ஸ்டுடியோ சுவரில் என் படத்தை அவரே ஆணி அடித்து மாட்டினார். தன்னுடையதைச் சுருட்டி அலமாரிக்கு மேல் போட்டுவிட்டார்.

மார்ச் 30

அவருக்கு முதுகு தேறிவிட்டது, பட்டை மட்டும் இன்னும் இருக்கிறது. நேற்று பூங்காவுக்கு என் ஸ்டாண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வெள்ளை அட்டையையும்.

இன்று படங்களைப் பார்த்தேன். டெய்சிப் பூ, நடுவில். பாப்பிப் பூ, நடுவில். வெளிச்சம் சரி, ஃபோகஸ் சரி, எல்லாம் நேர். நான் எடுத்த மாதிரியே இருக்கிறது.

"ஏங்க, ஏன் படுத்து எடுக்கல?"

"அதெல்லாம் தெரியாத்தனமா செஞ்சது. நீ அந்தப் படத்த எப்படிச் சரி பண்ணினேன்னு பாத்தேன்ல. அப்பத்தான் புரிஞ்சுது, எங்க தப்பு பண்றேன்னு" என்றார். ரொம்பப் பணிவாக, பாடம் கற்றுக்கொண்டவர் மாதிரி.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. இதைத்தானே கேட்டேன்?

ஏப்ரல் 1

மகள்: "அப்பா படமெல்லாம் இப்ப உன் படம் மாதிரியே இருக்கும்மா." பாராட்டாகச் சொல்லவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 3

சொல்லிவிட்டேன்.

அவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்று, "அந்த டூலிப் ஓரத்த நான் வேணும்னே வெட்டினேன்" என்றேன்.

"வெட்டினது தெரியும். நான் எடுத்த படம், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"அந்த ஓரத்துல இருந்தது நீதானே. ஸ்டாண்டத் தோள்ல போட்டுக்கிட்டு, எம்மேல கோவமா போற. நீ அங்க வந்து சேர்றவரைக்கும் காத்திருந்துதான் அமுக்கினேன். உனக்கு உன்ன அப்படிப் பாக்கப் புடிக்கல போலன்னு நெனச்சேன். இல்ல, படத்துக்கு அதுதான் சரியோ என்னவோ. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?"

நான். அந்த எறும்பு நான். எத்தனை நாள் அந்தப் படத்தை உற்று உற்றுப் பார்த்திருப்பேன், குறை தேடி!

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தப்பித்துக்கொள்ள அவரே வழி விட்டிருந்தார். ஆனால் வாய் நிற்கவில்லை. "அது நான்னே எனக்குத் தெரியல. படம் கெடணும்னுதான் வெட்டினேன். உங்களுது என்னோடதவிட நல்லா இருந்துச்சு. பொறுக்கல. அவ்வளவுதான்."

மடித்த துண்டை மறுபடி விரித்து, மறுபடி மடித்தார்.

"சரி" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் எத்தனையோ சரி சொல்லியிருக்கிறார். இந்தச் சரி எனக்குப் புதிது.

ஏப்ரல் 5

பேசுகிறார். பால் இருக்கிறதா, வாசல் விளக்கை அணைத்தாயா, நாளை மழை வருமாம். ஒன்றும் குறைவில்லை. அவர் கத்தியிருக்கலாம்.

ஏப்ரல் 7

அசல் படத்தை, வெட்டாமல், சாய்வோடு, பெரிதாகப் பிரிண்ட் போட்டு மேசையில் வைத்தேன். "நல்லா இருக்கு" என்றார். எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதும் அங்கேயே இருக்கிறது. தூசி படியாமல் நான் துடைக்கிறேன்.

ஏப்ரல் 11

விரிப்பைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போனார். ஸ்டாண்டைக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது தலைமுடியில் புல்.

நல்லவேளை, நல்லவேளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே டீ போட்டேன். கேமராவைக் கணினிக்குக் கொண்டுவருவார் என்று சாயங்காலம்வரை பார்த்தேன். கொண்டுவரவில்லை.

ஏப்ரல் 19

பிரிண்ட் பேப்பர் தீர்ந்துவிட்டது. வழக்கமாக வாங்கும் இடத்தில் இல்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே, படங்களுக்குப் பிரிண்ட் போடுகிற கலர் லேபுக்குப் போனேன்.

கண்ணாடி ஜன்னலில் ஒரு பாப்பி, முக்கால் ஆள் உயரத்துக்கு. அடியிலிருந்து எடுத்தது. இதழ் நரம்பெல்லாம் தெரிகிறது. இதழின் மறுபக்கத்தில் ஒரு தேனீ உட்கார்ந்திருக்கிறது, நிழல் மட்டும், ஆறு காலும் விரித்து. படம் சாய்ந்திருக்கிறது. கீழே ஓரத்தில் யாருடையதோ ஒரு செருப்பு நுனி. படம் யார் எடுத்ததென்று கேட்க வேண்டியதில்லை.

உள்ளே போனதும் லேப்காரர் பெருமையாகச் சொன்னார்: "எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. இன்னும் பத்துப் பதினஞ்சு குடுத்திருக்கார். முதுகுல பட்டை போட்ட ஒருத்தர். பெரிய ஆளுன்னு நெனைக்கறேன், பேசவே மாட்டேங்கறார். 'ஓரத்தத் தொட வேணாம்'னு மட்டும் ரெண்டு தடவ சொல்லிட்டுப் போனார்."

"தெரியும்" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

பேப்பரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, எதிர்ச் சாரியில் நின்று இன்னொரு தடவை பார்த்தேன். டூலிப்பைவிட இது நல்ல படம். டூலிப் ஏதோ தற்செயலாக அமைந்தது என்று அந்த நாளில் என்னைத் தேற்றிக்கொண்டேன். இது தற்செயல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "எங்க போயிருந்த?" என்றார்.

"பேப்பர் தீந்துபோச்சு."

"கெடச்சுதா?"

"கெடச்சுது. ரயில் நிலையத்துக்கு எதிர்ல."

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் பொட்டலத்தைப் பிரித்துப் பேப்பரை மெஷினில் அடுக்கினேன்.

பொறாமை போகவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது. அந்த லேப்காரர் நல்லவர், படத்தில் கை வைக்கவில்லை. ஆனால் சிவப்பு தூக்கலாக இருக்கிறது, பாப்பி அத்தனை சிவப்பு கிடையாது. நான் போட்டிருந்தால் சரியாக வந்திருக்கும்.