பத்தொன்பதாவது வீடு

மார்ச் 4, செவ்வாய்

இன்று பசுமைத் திட்டத்தில் நானூறாவது வீடு சேர்ந்தது. ஒரு பல் மருத்துவர். கையெழுத்துப் போடும் முன் எல்லோரும் கேட்கும் அதே கேள்வி: "சேர்ந்தா எங்க வீட்டுக்கு மட்டும் தனியா கரன்ட் வருமா?" வராது. அதே கம்பி, அதே கரன்ட். விருப்பப்பட்டுச் சேர்கிறவர் மாதக் கட்டணத்தோடு கொஞ்சம் கூடுதலாகத் தருவார். அவர் வீட்டில் செலவாகும் அளவு மின்சாரத்தை எங்கள் மின் ஆபீஸ், காற்றாலையிலிருந்தும் சூரியத் தகடுகளிலிருந்தும் வாங்கிப் பொதுக் கம்பியில் சேர்க்கும். பசுமைத் திட்டம் என்பது அவ்வளவுதான். இரண்டு வருடமாக இதையே சொல்கிறேன். தூக்கத்தில்கூடச் சொல்வதாக என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார்.

28ஆம் தேதி விழா. நகரத் தலைவர் வருகிறார். அதற்குள் ஐந்நூறு வீடு வேண்டுமாம். எங்கள் மேலாளருக்கு ஆபீசில் 'பார்க்கலாம் சார்' என்று பெயர். விடுப்பு கேட்டாலும் விசிறி கேட்டாலும் அதுதான் பதில். இந்த ஐந்நூறுக்கு மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

வராவிட்டால்? எனக்குக் கவலைப்பட எப்போதும் ஒன்று வேண்டும், இந்த மாதத்துக்கு இது.

மார்ச் 6, வியாழன்

கம்பம் மாற்றுவதற்காகக் கிழக்குத் தெருக்களில் இன்று பதினொன்று முதல் ஒன்றரை வரை மின்தடை. அது முடிந்த கையோடு தையல்கார அக்காவிடமிருந்து போன். அவர் கணவர் முப்பது வருடம் அனல்மின் நிலையத்தில் கரி அடுப்புக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர். நுரையீரல் போய்விட்டது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. ஜனவரியில் திட்டத்தில் சேர்ந்தார்கள், "இனிமே என் பங்குக்குக் கரி எரிய வேண்டாம்மா" என்று அவரே கையெழுத்துப் போட்டார்.

"ஏம்மா, கரன்ட் நிறுத்தறதா இருந்தா முந்தின நாளே போன் பண்ணுவீங்களே. இந்தத் தடவை ஏன் சொல்லல?"

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நான் வீட்டுல இருந்ததால சிலிண்டரை மாத்திட்டேன். துணி வாங்கப் போகலாம்னு இருந்தேன். நல்லவேளை போகல."

போன் பிரிவில் கேட்டேன். பட்டியலில் அந்த வீடு இல்லை என்கிறார்கள். எப்படி இல்லாமல் போகும்?

மார்ச் 7, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு வீட்டின் பதிவிலும் 'வகை' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரே ஒரு கட்டம். மூச்சு மெஷின் உள்ள வீடுகளுக்கு அதில் 'மருத்துவம்' என்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் போன் பிரிவின் பட்டியல் தயாராகும். பசுமைத் திட்டத்தில் சேர்க்கும்போது அதே கட்டத்தில்தான் 'பசுமை' என்று போடுகிறோம். திரை கேட்கும்: பழைய வகையை மாற்றவா? ஆம்.

நான்தான் அழுத்தினேன். நானூறு தடவை. பெரும்பாலும் பழைய வகை வெறும் 'வீடு' என்றே இருக்கும், அதனால் படிப்பதையே விட்டுவிட்டேன். எத்தனை மருத்துவ வீடுகளை இந்தக் கையால் அழித்தேன்? பழையது எங்கேயும் தங்கவில்லை. நாலு பேர் இல்ல அஞ்சு பேர் இருக்கும். இல்ல, நாப்பதா? ஐயோ, எனக்குத் தெரியல.

மார்ச் 8, சனி

மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள். நான் மூன்று தடவை அவளுக்குக் காபி கொடுத்தேனாம். மூன்றாவது தடவை, "அம்மா, உனக்கு என்னாச்சு?" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

மேலாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"தெரியலை சார்."

"ஆகலைன்னுதானே அர்த்தம். பார்க்கலாம். விழா முடியட்டும்."

19ஆம் தேதி பெரிய மின்மாற்றியை மாற்றுகிறார்கள், எட்டு மணி நேரம் கரன்ட் இருக்காது. விழாவோ 28இல். இதைச் சொன்னதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீ மருத்துவம்னு மாத்தினா அந்த வீடெல்லாம் பசுமைக் கணக்குலேருந்து போயிடும்மா. அதையும் யோசி." யோசித்தேன் சார். பத்தொன்பதாம் தேதியைத் தாண்டி யோசிக்கத்தான் முடியவில்லை.

மார்ச் 12, புதன்

இரண்டு நாளாகக் கோப்பு அறையில் இருக்கிறேன். மெஷின் வைத்திருப்பவர்கள் மருத்துவர் கடிதத்தோடு காகித விண்ணப்பம் கொடுத்திருப்பார்கள், அது இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. கோப்பு அறைக்காரர், "என்னத்தைத் தொலைச்சீங்க மேடம்?" என்றார். பொய் சொல்ல வரவில்லை. சொன்னதும் மனிதர் மேல் தட்டுக் கட்டுகளை இறக்கித் தந்தார்.

பத்தொன்பது வீடு.

மார்ச் 13, வியாழன்

பத்தொன்பதையும் காலையிலேயே மறுபடி 'மருத்துவம்' ஆக்கிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் யாராவது எடுக்க வேண்டுமே என்று உயிர் போய் உயிர் வந்தது. பதினெட்டு வீட்டில் எடுத்தார்கள். ஒருவர் திட்டினார். ஒரு அம்மா சமையல் நடுவே நின்று, "பரவாயில்ல, இப்பவாவது சொன்னீங்களே" என்றார். திட்டியவரே தேவலை.

பத்தொன்பதாவது வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஓய்வுபெற்ற தபால்காரர், தனியாக இருப்பவர். அவரை நன்றாக நினைவிருக்கிறது. "மெஷின் நாள் பூரா ஓடுது. கரன்டை நான்தான் குடிக்கிறேன். குடிக்கிறதாவது நல்ல கரன்டா இருக்கட்டுமே" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியூர் போயிருப்பார். மெஷினைத் தூக்கிக்கொண்டா போவார்?

மார்ச் 14, வெள்ளி

போனேன். கிழக்குத் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், பாத்திரங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மகளாம். நான் மின் ஆபீசிலிருந்து வருவதாகச் சொன்னதும் இணைப்பை மூட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்பா போயிட்டாருங்க. போன வியாழக்கிழமை."

போன வியாழன் என்றால் ஆறாம் தேதி.

"ரெண்டு மணிக்குச் சாப்பாடு கொண்டு வந்தேன். நாற்காலியில தூங்கற மாதிரியே இருந்தாரு. மெஷின் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. டாக்டர் வந்து ஹார்ட்டுன்னு சொல்லிட்டாரு."

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டபோது, விசாரிக்கத்தான் என்றேன். வாசலுக்கு வந்து வழியனுப்பினார். "அவர் சேந்திருந்தாரே, அந்தக் காத்தாலைத் திட்டம், அதைப் பத்தி எல்லார்கிட்டயும் பேசுவாரு" என்றார்.

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஒன்றரைக்குக் கரன்ட் வந்துவிட்டதே. மகள் ரெண்டு மணிக்குத்தான் வந்தாங்க. ரெண்டரை மணி நேரம் நின்னு போயிருந்தது அவங்களுக்கு எப்படித் தெரியும்? யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான்.

மார்ச் 15, சனி

இவரிடம் சொன்னேன். "அவருக்கு எழுபத்தெட்டு வயசு. மெஷின் ஓடியிருந்தாலும் போயிருக்கலாம். டாக்டரே எழுதிட்டாரு. நீ போய்ச் சொல்லி அவங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது?" என்றார். அப்புறம், "நமக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றார்.

இவர் சொன்னது எதுவும் தப்பில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தபால்காரர் ஹார்ட்டினால்தான் போனார். ஹார்ட்டினாலேயே இருக்கட்டும். இதைக் காலையிலிருந்து ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

மேலாளருக்குத் தெரிந்துவிட்டது, நானேதான் சொன்னேன். முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். "டாக்டர் எழுதினதுக்கு மேல நாம என்னம்மா? யாரும் கேட்கல. கேட்காததுக்குப் பதில் சொல்லாதே." கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கிறது, பயப்படுகிறார். நானும்தான் பயப்படுகிறேன்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

தபால்காரரின் மகளிடம் சொல்லிவிட்டேன்.

வீடு ஏறக்குறைய காலி. இரண்டு நாற்காலி மட்டும் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று பேருந்தில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஆம் என்று அழுத்தியதைச் சொன்னேன். யாரும் போன் செய்யாததற்கு நான்தான் காரணம் என்றேன்.

"அன்னைக்குக் கரன்ட் போச்சா?"

"பதினொண்ணுலேருந்து ஒன்றரை வரைக்கும்."

"மெஷின் ஓடிட்டிருந்துச்சே."

"கரன்ட் வந்ததும் தானா ஓட ஆரம்பிச்சிருக்கும்."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ஆபீஸ்லேருந்து போன் வந்தா அப்பா உடனே என்னைக் கூப்பிடுவாரு. நான் வந்து சிலிண்டரை மாட்டிட்டுக் கூடவே உட்காருவேன். சீட்டு ஆடுவோம்." பிறகு, "கஷ்டப்படாம போயிட்டாருன்னு இத்தனை நாளா மனசைத் தேத்திக்கிட்டிருந்தோம். இனிமே அப்படி நினைக்க முடியாதுல்ல" என்றார்.

திட்டவில்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "நீங்க போங்க. இப்ப என்னால பேச முடியாது" என்றார்.

நான் செய்தது சரியா? அவர்களிடம் மிச்சமிருந்த ஒரே நிம்மதியையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேனோ? என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் போனேனோ? பேருந்தில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 19, புதன்

எட்டு மணி நேர மின்தடை. பதினெட்டு வீட்டுக்கும் நேற்றே போன் போய்விட்டது, இன்று மூன்று முறை நானும் கூப்பிட்டேன். தையல்கார அக்கா கடைசியில், "நாங்க நல்லாத்தான் இருக்கோம். நீ கொஞ்சம் தண்ணி குடிம்மா" என்றார். நாலேமுக்காலுக்குக் கரன்ட் வந்தது. எல்லோரும் இருக்கிறார்கள்.

நடந்ததை எல்லாம் ஆறாம் தேதியையும் சேர்த்து எழுதித் தலைமைப் பொறியாளருக்கு அனுப்பிவிட்டேன். மேலாளர் வழியாக அல்ல.

மார்ச் 28, வெள்ளி

விழா நடக்கவில்லை. திட்டத்தில் புதிதாக யாரையும் சேர்க்க வேண்டாம் என்று உத்தரவு. மேலாளர் என்னைப் பார்த்தால் தாழ்வாரத்தில் சுவரோரமாக ஒதுங்குகிறார். என்னை மீட்டர் புகார் ஜன்னலுக்கு மாற்றியிருக்கிறார்கள், விசாரணை முடியும்வரை. சாயங்காலம் இவரே காய் நறுக்கினார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பதிவில் இப்போது இரண்டு கட்டம். மருத்துவத்துக்கு ஒன்று, திட்டத்துக்குத் தனியாக ஒன்று. நேற்றிலிருந்து மறுபடி சேர்க்கிறார்கள், நான் இல்லாமல். தையல்கார அக்காவின் கணவர் முதல் ஆளாகச் சேர்ந்தாராம்.

தபால்காரரின் மகள் புகார் கொடுத்திருக்கிறார். அறிவிப்பு இன்று என் கைக்கு வந்தது. 'தவறுக்குப் பொறுப்பானவர்' என்ற இடத்தில் ஆபீஸ் என் பெயரைப் போட்டிருக்கிறது. 'புகார்தாரரின் சாட்சி' என்ற இடத்தில் அவர் என் பெயரைப் போட்டிருக்கிறார். வேறு சாட்சி யாரும் இல்லை.

மதியம் அவரே போன் செய்தார். வணக்கமெல்லாம் சொல்லவில்லை. "வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. வருவீங்கல்ல?" என்றார்.

ஒன்பதரைக்கே அங்கே இருப்பேன் என்றேன்.