கொடுவா மீனின் நடுத்துண்டு

உம்மா,

இன்று பிரிட்ஜைக் கழுவும்போது உங்கள் ஐஸ்கிரீம் டப்பா கையில் பட்டது. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் அதன் நீல மூடியில் மஞ்சளும் மீனும் மணக்கிறது. வீசவும் மனம் வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. நீங்கள் மௌத்தாகி இவ்வளவு காலமாகியும் அதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. அது தம்பியின் டப்பா.

ஏறாவூரில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். அப்படித்தான் தம்பி காத்தான்குடிக்கு மாப்பிள்ளையாகப் போனான், நீங்கள் என்னோடு இருந்தீர்கள். "ஒனக்கென்ன, வீடும் ஒனக்கு, உம்மாவும் ஒனக்கு" என்று ஊரே சொன்னது. ஊருக்கு என்ன தெரியும்? வாவியில் பிடித்த கொடுவா வாங்கினால் நடுத்துண்டு நேரே அந்த டப்பாவுக்குள் போகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தம்பி வருவான் அல்லவா? எனக்கு வால் துண்டு. நீங்கள் வெறும் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, மீன் தலையில் கொஞ்சம் கிள்ளிக்கொள்வீர்கள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எனக்கெண்டு ஒரு துண்டு எடுத்து வச்சிரிக்கீங்களா, உம்மா?"

நீங்கள் என்னை அதிசயமாகப் பார்த்தீர்கள். "நீ இஞ்சதானே இரிக்காய், மகள். இரிக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு எடுத்து வைக்கிற? அவன்தான் பிறத்தி வீட்டுச் சோறு தின்னுறான்."

பிறத்தி வீட்டுச் சோறு தின்ற பிள்ளை வாரத்துக்கு வாரம் தொந்தி வைத்துக்கொண்டே வந்தான். மெலிந்துபோனது நீங்கள்தான். கையில் வளையல் நிற்காமல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. கிளினிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த நர்ஸ் மிஸ் உங்கள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"வயசு போகப் போகப் பசி குறையும் உம்மா. ஆனா சதை கரையாம இரிக்க மீனோ முட்டையோ பருப்போ ஒவ்வொரு நாளும் வேணும். ஆக்கின அண்டைக்கே சாப்பிடுங்க. நாள்கணக்கா வச்சித் தின்னாதீங்க, இந்த வயசில வயிறு தாங்காது."

நீங்கள் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினீர்கள். திரும்பும்போது ஓட்டோவில் சொன்னீர்கள்: "அந்தப் பிள்ளை நல்லாத்தான் செல்லுது. வெள்ளிக்கிழமைக்கு மகனுக்கு முட்டையும் அவிக்கணும்."

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. காலையில் போன கரண்ட் பொழுதுபட்டுத்தான் வந்தது. டப்பாவுக்குள் மீன் உருகித் தண்ணீராய்க் கிடந்து, திரும்ப இறுகியது. வீசச் சொன்னேன். "மீனுக்கு ஒண்டுமில்ல" என்று மூடியை அழுத்தி மூடினீர்கள். மறுநாள் நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் தம்பி போன் எடுத்து, "இண்டைக்கு வரக் கிடைக்காது உம்மா, வாற கிழமை வாறன்" என்றிருக்கிறான். அவனுடைய மீன் வீணாகப் போகுமே என்று அதை ஆக்கி நீங்களே சாப்பிட்டுவிட்டீர்கள்.

அன்று மாலையே ஆஸ்பத்திரி. நீங்கள் சத்தியெடுக்க எடுக்க வாந்திப் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். சேலைன் ஏறி, நீங்கள் கொஞ்சம் கண் திறந்த நேரம் பார்த்து அவன் ஆப்பிள் பையோடு ஓடி வந்தான்.

"மகன், சாப்பிட்டியா?"

அதுதான் நீங்கள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி. கையிலிருந்த பேசினை அப்படியே அவன் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்தீர்கள், ஆனால் போன பலம் திரும்பி வரவேயில்லை. கடைசியில் எல்லாம் கரண்டியால்தான். தம்பி கஞ்சி ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்வீர்கள். நான் ஊட்டினால் திறப்பீர்கள். அவன் கரண்டியை என்னிடம் தந்துவிட்டுத் தள்ளி நிற்பான். எனக்கு அதில் எவ்வளவு சந்தோசம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது அதே கிளினிக்கில் எனக்கும் அதையேதான் சொல்கிறார்கள். மீன் சாப்பிடுங்க, முட்டை சாப்பிடுங்க, அண்டண்டைக்கு ஆக்கிச் சாப்பிடுங்க. இன்று வியாழக்கிழமை. நல்ல கொடுவா ஒன்று கிடைத்தது. வெட்டிக் கழுவிய கை, என்னைக் கேட்காமலே நடுத்துண்டை எடுத்து அந்த நீல மூடி டப்பாவுக்குள் வைத்துவிட்டது. உங்கள் கை போலவே. யாருக்கு வைக்கிறேன் என்று நினைத்ததும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த நேரம் பார்த்து அவனே போன் எடுத்தான்.

"நாளைக்கு வாறன் ராத்தா. எனக்கு மீன் இரிக்கா?"

"நீ வா. நாளைக்குப் புதுசா வாங்கி ஆக்கித் தாறன். இண்டைய மீன் இண்டைக்கே முடியும்."

டப்பாவிலிருந்து துண்டை எடுத்து ஆணத்தில் போட்டேன். ஆவி பறக்கப் பறக்க என் சோற்றுக் கோப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முள்ளே இல்லை, உம்மா. வாயில் வைத்ததும் கரைகிறது. இத்தனை வருசமாக அவன் இதைத்தானா தின்றான் என்று திரும்பவும் வயிறு எரிந்தது. இன்னொரு வாய் எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. நடுத்துண்டை நீங்கள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அது உங்கள் வாய்க்குள் போனது ஒரே ஒரு நாள், கெட்டுப்போன பிறகு.