முதற்பிரதி வாங்கிய கை

செப்டெம்பர் 6, சனி

காலையிலிருந்தே ராகலையில் மழை. துணி காயவில்லை. மூன்றாம் வகுப்புக் கொப்பிகள் திருத்தக் கிடக்கின்றன. தொடவில்லை.

கொழும்பிலிருந்து பதிப்பாளரின் அழைப்பு. நாவல் பிடித்திருக்கிறதாம். அவர்களே அச்சிட்டு, அவர்களே கடைகளுக்கு அனுப்புவார்களாம். எனக்கு ஒரு சதம் செலவில்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதற்குள் அடுத்த வார்த்தை.

"ஏழாம் அத்தியாயத்த மட்டும் எடுத்துருங்க மிஸ். எதுக்குத் தேவையில்லாத வம்பு?"

ஏழாம் அத்தியாயம்தான் அம்மா. மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டியவளை ரோட்டோரம் கிடத்தியிருந்தார்கள். கொழுந்து லொறி பக்கத்திலேயே நின்றது. அதில் ஏற்றச் சொல்லி அப்பா கெஞ்சினார். தொழிற்சங்கத் தலைவரும் அங்கேதான் நின்றார். "கொழுந்து வாடிரும், ஃபெக்டரில எறக்கிட்டு வரட்டும்" என்றவர் அவர். தோட்டத்துத் துரையிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமே! லொறி திரும்பி வந்தபோது அம்மா இல்லை.

அப்பா ஒரே ஒரு தடவை சொன்னது. பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நாவலில் தலைவரின் பெயர் இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் என்று மட்டும். தோட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

செப்டெம்பர் 8, திங்கள்

பள்ளிக்கூடம். தலைவலி.

கொழும்பு: நல்ல அட்டை, கடைகள், பெயர். அம்மா கிடையாது.
சொந்தமாகப் போட்டால்: அம்மா உண்டு. மற்றது எதுவும் கிடையாது.

அப்பாவிடம் கேட்டேன். பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அவ இல்லாத பொஸ்தகத்த வெச்சுக்கிட்டு நாம என்னம்மா செய்யப் போறோம்?"

பதிப்பாளருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அவசரப்படாதீங்க மிஸ், அப்புறம் வருத்தப்படுவீங்க." படுவேன். பரவாயில்லை.

செப்டெம்பர் 20, சனி

ஹட்டன் அச்சகம். பஸ்ஸில் இடமில்லை, போகவர நின்றபடியே. பிழை திருத்திக் கொடுத்தாயிற்று. அட்டையில் தேயிலைச் செடி வேண்டாம் என்று சண்டை போட்டு வந்தேன்.

கூலியை வெளியீட்டு விழா முடிந்ததும் கொடுத்தால் போதுமாம். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு இங்கே அதுதான் வழி. பெரிய மனிதர் யாராவது மேடையில் முதற்பிரதி வாங்கிப் பண உறை கொடுப்பார். பின்னால் வரிசையாக மற்றவர்கள். பெரிய மனிதர் யார் என்பதுதான் கேள்வி.

செப்டெம்பர் 27, சனி

விழாப் பொறுப்பு எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய அதிபர் சேருக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், பென்ஷனுக்குப் பிறகும் ஊர் திரும்பாதவர். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். இன்று வந்து சொல்கிறார், முதற்பிரதி வாங்கத் தலைவர் சம்மதித்துவிட்டாராம்.

"சேர், அந்த ஆளா?"

"அவர் வந்தால்தான், பிள்ளை, சனம் வரும். சனம் வந்தால்தான் புத்தகம் போகும். வேற ஆர் இருக்கினம், சொல்லும் பாப்பம்?"

வேறு யாரும் இல்லை. எந்த ஆளுக்குப் பயந்து கொழும்பில் அம்மாவை எடுக்கச் சொன்னார்களோ, அவனை இங்கே நானே மேடையில் ஏற்ற வேண்டுமா?

மாலையில் வேறு யோசனை. வரட்டும். அம்மாவை அவன் கையாலேயே வாங்கட்டும். கடைசியில் என் ஏற்புரை. அப்போது ஏழாம் அத்தியாயத்தை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பேன். நினைத்தாலே நாக்கு இனிக்கிறது.

செப்டெம்பர் 30, செவ்வாய்

அழைப்பிதழ் வந்தது. அப்பா எழுத்துக்கூட்டி வாசித்தார். தலைவர் பெயரில் நின்றுவிட்டார். "ஒரு காரணமாத்தாம்ப்பா" என்றேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

தலைவர் பேசுவதற்கு வசதியாக ஒரு பிரதியை சேர் முன்கூட்டியே அனுப்பிவிட்டாராம். "அது வழமைதானே பிள்ளை." எனக்குக் கவலையில்லை. அவனாவது வாசிப்பதாவது!

ஒக்டோபர் 5, ஞாயிறு

விழா. இன்றே எழுதிவிட வேண்டும்.

மண்டபம் நிறைந்தது. சேர் சொன்னது சரி. தலைவர் ரிப்பனை அவிழ்த்தார், படம் எடுத்தார்கள், உறை கொடுத்தார். பிறகு மைக்.

"ஏழாவது அத்தியாயத்த எல்லாரும் வாசிக்கணும். அந்தத் தாயி துடிச்சப்ப கொழுந்தையெல்லாம் கீழ கொட்டுங்கடான்னு லொறிய மறிச்சவன் நான். அவங்கள தூக்கி ஏத்துன கை இந்தக் கைதான்." கையை உயர்த்திக் காட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டல். கூரை அதிர்ந்தது. முன்வரிசையில் அப்பா. அப்பாவும் தட்டினார்.

தலைவருக்கு உடப்புசல்லாவையில் கோயில் திருவிழாவாம், கிளம்பிவிட்டார். கூடவே பாதி மண்டபம். உறையோடு வரிசையில் நின்றவர்களுக்குச் சிறப்புப் பிரதிகள் கொடுத்து முடிவதற்குள் மீதியும். ஏற்புரைக்கு நான் எழும்பியபோது பின்னால் கதிரை அடுக்குகிற சத்தம். எப்போதும் இப்படித்தான் நடக்கும். எத்தனை விழாவில் பார்த்திருக்கிறேன்! மறந்துபோனேனே பாவி.

பரவாயில்லை, அப்பா இருக்கிறார், வாசிப்போம் என்று பக்கத்தைப் புரட்டி மைக்கைப் பிடித்தேன். பள்ளிக்கூட விழாக்களில் வருடக்கணக்காக நன்றியுரை சொல்லிப் பழகிய வாய். "முதற்பிரதியைப் பெற்றுச் சிறப்பித்த மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு முதற்கண்..." அது தானாகப் போய்க்கொண்டே இருந்தது. மண்டபக்காரர், ஒலிபெருக்கி, தேநீர் தந்தவர்கள், யாரையும் விடவில்லை. அச்சகக்காரரோடு முடித்துக் கும்பிட்டு உட்கார்ந்தேன். பக்கம் திறந்தபடி மடியில்.

பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டேன், ஏன் தட்டினீர்கள் என்று. "தெரியலம்மா. எல்லாரும் தட்டுனாங்க."

ஒக்டோபர் 6, திங்கள்

போயா, பௌர்ணமி விடுமுறை. மழை விட்டிருக்கிறது. அச்சகக் கூலிக்கு உறைகள் போதும் என்று சேர் சொன்னார். விழா வெற்றியாம். விற்காத பெட்டிகள் கட்டிலுக்கடியில். பத்திரிகையில் தலைவரின் படம், கையில் என் புத்தகம். கீழே, லொறியை மறித்த கதை. இனி அதுதான் நடந்தது.

மத்தியானம் அப்பா ஒரு பிரதியை எடுத்து வந்து நீட்டினார். "அவளப் பத்தி எழுதுனத வாசிம்மா."

வாசித்தேன். லொறி, கொழுந்து, வெள்ளைச் சட்டை, எல்லாம். அப்பா சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார்.

"அப்படியேதாம்மா நடந்துச்சு. ஒரு எழுத்து மாறல. இத ஏம்மா நீ அங்க வாசிக்கல?"